முனிசிபாலிட்டி அத்தான்

ஜூன் 12, வியாழன்

பேசாமல் இருந்தது போதும். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியின் தம்பியைப் பற்றி நான் யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை. அதை என் பெருந்தன்மை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பெருந்தன்மையெல்லாம் இல்லை, கேட்க ஆள் கிடைக்கவில்லை. இனி இங்கே எழுதுகிறேன்.

அவன் பெயர் பிறவிப்பெருமாள். திருநெல்வேலி டவுனில் அவன் அப்பா யோசித்து வைத்த பெயர். டாலஸில் வந்து இறங்கியதும் அதை வெட்டி 'பிரவ்' ஆக்கிக்கொண்டான். மிச்சப் பெருமாளை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டான் போலிருக்கிறது. 'பிரவ் பயணங்கள்' என்று யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறான். ஒவ்வொரு வீடியோவிலும் மலையைப் பார்த்து "வேற லெவல்" என்பான். கடலுக்கும் அதே சொல்தான். போன வாரம் ஒரு சாண்ட்விச்சுக்கும் அதுவே கிடைத்தது.

இந்தக் கோடையில் அவன் ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு எடுக்கிறான். படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் முப்பதடி நீள வண்டி. டாலஸிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை. அவன், அவன் மனைவி ரேணுகா, நான், என் மனைவி காந்திமதி. நான்கு பேர்.

இந்த வண்டிகளில் கழிப்பறைக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. அது நிறைந்தால் கழிப்பறையைப் பூட்டிவிட வேண்டியதுதான். நெடுஞ்சாலை ஓரத்தில் அதற்கென்று கட்டிய 'டம்ப் ஸ்டேஷன்' ஒன்றைக் கண்டுபிடித்து, குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். எல்லா ஊரிலும் அது இருக்காது. இருப்பதாக வரைபடம் சொல்லும் இடத்தில் பூட்டுத் தொங்கும். எந்த ஊரில் இருக்கிறது, எது ஓடுகிறது, அதையொட்டி எங்கே இரவு தங்குவது என்று மூன்று வாரம் உட்கார்ந்து போன் போட்டுக் கேட்டுத் திட்டம் போட்டவன் நான். நேற்று அவன் வீடியோவில் என் வரைபடத்தைக் காட்டி, "இதுக்குப் பின்னாடி என்னோட ரிசர்ச் இருக்கு மக்களே" என்றான்.

நான் நீரியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். மழைநீர் வடிகால் வடிவமைப்பதுதான் என் வேலை. எனக்குக் கீழே சேர்ந்த ஒருவன் இப்போது எனக்கு மேலே இருக்கிறான். அந்தக் கதை வேறு. உலகம் முழுக்கப் பிறவிப்பெருமாள்கள்தான் என்பதற்காக மட்டும் குறிப்பிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஏன் ஒத்துக்கொண்டேன் என்பதை நேற்று எழுதவில்லை.

காந்திமதிக்குப் பெருங்குடலில் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வருடம் ஆகிறது. குடலை வயிற்றின் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டார்கள். அங்கே தோலோடு ஒரு பை ஒட்டியிருக்கும். மலம் அதில் சேரும். நாளைக்குப் பல தடவை அதைக் காலி செய்ய வேண்டும். உயிர் பிழைத்தாள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவள் அதன்பின் வெளியூர் போனதில்லை. தமிழ்ச் சங்கத்துத் தீபாவளிக்குக்கூட வரவில்லை. பொதுக் கழிப்பறையில் வரிசை நிற்கும், உள்ளே நேரம் ஆகும், வெளியே தட்டுவார்கள்.

"அக்கா, இதுல பாத்ரூம் நம்ம கூடவே வரும்" என்று பிரவ் சொன்னபோது அவள் தலையைத் தூக்கினாள். அதற்காகத்தான். அவனுக்காக அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் முதல்முறை நர்ஸ் பையைத் திறந்து காட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேனாம். எனக்கு அன்று ஜலதோஷம். தும்மல் வந்தது. இதைப் பலமுறை விளக்கியாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் கதவைப் பூட்டிக்கொள்கிறாள். ஒத்தாசை தேவைப்பட்டால் ரேணுகாவை வரவழைக்கிறாள். வீட்டில் ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருபது மைல் தாண்டி ஒருத்தி காரில் வருகிறாள்.

தும்மல்தான்.

ஜூன் 15, ஞாயிறு

வண்டிக் கம்பெனி கொடுத்த கையேட்டில் நான்கு பேருக்குத் தொட்டி நாலைந்து நாள் தாங்கும் என்று போட்டிருக்கிறது. பிரவ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். நான் போனில் கூப்பிட்டேன்.

"அந்தக் கணக்கு காகிதம் உபயோகிக்கிறவங்களுக்கு" என்றேன். "நாம தண்ணி ஊத்திக் கழுவுற ஜாதி. நீயே கழிப்பறையில தொங்கவிட ஒரு மக் வாங்கி வச்சிருக்கே. நாலு பேரும் தடவைக்கு ரெண்டு மக் ஊத்தினா தொட்டி ஒண்ணரை நாள்ல நிறைஞ்சிடும். தினம் ஒரு இடத்துல காலி பண்ணணும்."

"அத்தான், சில் பண்ணுங்க. வெகேஷன் போறோம். நீங்க எந்த ஊர்ல என்ன சாக்கடை இருக்குன்னு பாத்துக்கிட்டே வருவீங்களா?"

"யாராவது பாக்கணும்."

"நீங்க முனிசிபாலிட்டில இருக்க வேண்டிய ஆளு அத்தான். தெரியாத்தனமா டாக்டரேட் வாங்கிட்டீங்க." பின்னால் ரேணுகா சிரிப்பது கேட்டது. "ரேணு, இனிமே இவரு முனிசிபாலிட்டி அத்தான்!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. காந்திமதியும் சிரித்தாள். தம்பி என்ன உளறினாலும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

கழிப்பறையில் ஒரு மக்கு தொங்கப் போகிறது. இன்னொரு மக்கு வண்டி ஓட்டப் போகிறது.

ஜூன் 20, வெள்ளி

கிளம்பினோம். அமரில்லோவில் தங்கல். வழியெல்லாம் காற்றாலைகளும் மாடுகளும். இரண்டுக்கும் வேற லெவல் கிடைத்தது.

காந்திமதி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். நடுவில் எழுந்து போய்க் கதவைப் பூட்டினாள், வந்தாள், மறுபடி ஜன்னல். அவ்வளவுதான். யாரும் தட்டவில்லை. மாலையில் ரேணுகாவிடம், "ஏட்டி, மாடு எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தியா, நம்மூர் மாடு இத பாத்தா அழும்" என்றாள். எத்தனை நாளாயிற்று இவள் மாட்டைப் பற்றிப் பேசி.

ஜூன் 21, சனி

காலையில் அமரில்லோவில் தொட்டியைக் காலி செய்தோம். செய்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிரவ் புதுக் கையுறை மாட்டி, குழாயைத் தூக்கிப் பிடித்து, காமிராவில், "மக்களே, இதுதான் உண்மையான வேன் லைஃப்" என்றான். ரேணுகா காமிராவை நிறுத்தினாள். குழாய் என் கைக்கு வந்தது. அவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போனான்.

கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். பிறகு பாத்திரம் கழுவின தண்ணீர்த் தொட்டி. அப்போதுதான் குழாய் கழுவப்படும். இதை மாற்றிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு.

உள்ளே ஏறும்போது, "முனிசிபாலிட்டி, டூட்டி முடிஞ்சுதா?" என்றான். தொட்டியின் அளவுகாட்டி, நான் சொன்னபடியே, காலி செய்வதற்கு முன் முக்காலில் இருந்தது. அதை அவனிடம் சொன்னேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று ரேடனில் தங்கல். குளிர்.

ஜூன் 22, ஞாயிறு

இதை உட்கார்ந்து எழுத இடம் இல்லாமல் வெளியே ஒரு மரப் பெஞ்சில் எழுதுகிறேன்.

திட்டப்படி இன்று மதியம் பியூப்ளோவில் தொட்டியைக் காலி செய்துவிட்டு மலைக்கு ஏற வேண்டும். மலையில் பிரவ் பிடித்திருக்கும் முகாமில் ஏரி உண்டு, மரம் உண்டு. தண்ணீர்க் குழாய், மின்சாரம், வடிகால் எதுவும் கிடையாது. அதனால்தான் முன்பே பியூப்ளோ. இதை நான் வரைபடத்தில் சிவப்பில் வட்டமிட்டிருந்தேன்.

பிரவ் ஓட்டினான். பியூப்ளோ வந்தது. பியூப்ளோ போயிற்று.

"திருப்பு" என்றேன்.

"சன்செட்டுக்கு ஏரிக்குப் போகணும் அத்தான். ட்ரோன் ஷாட். நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்."

"அளவுகாட்டி முக்கால்ல இருக்கு."

"கையேட்டுல அஞ்சு நாள்னு போட்டிருக்கு. எழுதினவன் இன்ஜினியர்தானே?"

நான் பேசாமல் இருந்தேன். இந்தப் பேசாமல் இருக்கும் வியாதி எனக்குப் பழையது.

சாயங்காலம் தொட்டி முழுசாக நிறைந்துவிட்டது. கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. பிரவ் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இவ்வளவு தண்ணி ஊத்துறது?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, தாழ்த்தினால் முப்பதடி வண்டியில் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "அக்கா, நீ கொஞ்சம் பாத்து ஊத்தக் கூடாதா?" என்றான்.

காந்திமதி கையிலிருந்த தட்டில் புளிசாதம் இருந்தது. அதை மூடி அலமாரியில் வைத்தாள்.

"நமக்கென்ன, சுத்தி காடு. இயற்கை அழைச்சா இயற்கைக்கே போயிடலாம்" என்று பிரவ் சிரித்தான். ரேணுகா அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். அவனுக்குப் புரியவில்லை. புரிவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

நான் அப்போது என் ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். நிறையச் சேறு.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. பசி இல்லை என்றாள். சாப்பிடாவிட்டால் பை நிறையாது. அதுதான் விஷயம் என்று எனக்குத் தெரியாதா? நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"டென்வர்ல விமானம் இருக்குல்லா?" என்றாள்.

"இருக்கு."

"நான் வீட்டுக்குப் போயிடுதேன். நீங்க மூணு பேரும் பாத்துட்டு வாங்க. இனிமே யாரும் என்ன எங்கேயும் கூப்பிட வேண்டாம், சொல்லிட்டேன்."

மாட்டைப் பார்த்துச் சிரித்தவள். இரண்டு நாள்தான் தாங்கியது. இவள் ஒருமுறை வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டால் பிறகு திறக்கவே மாட்டாள். எனக்கு அந்தக் கதவைத் தெரியும்.

ஜூன் 23, திங்கள்

நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

விடிந்ததும் பிரவும் ரேணுகாவும் சூரிய உதயம் படம் பிடிக்க ஏரிக்கரைக்கு நடந்து போனார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஏதோ கீழே விழும் சத்தம். கதவைத் தட்டினேன்.

"ரேணுகா எங்க?" என்றாள் உள்ளிருந்து.

"ஏரிக்குப் போயிருக்கா. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ரேணுகா வரட்டும்."

"காந்தி, என்ன ஆச்சு?"

"பை விட்டுப்போச்சு" என்றாள். "ஓரமெல்லாம் கழண்டு வழியுது. இங்க கழுவத் தண்ணியும் இல்ல, ஊத்துனா போக இடமும் இல்ல. ரேணுகாவ வரச் சொல்லுங்க."

ரேணுகா வந்து என்ன செய்வாள்? நிறைந்த தொட்டியில் ஊற்றுவதற்கு அவளிடம் மட்டும் தனி இடம் இருக்கிறதா? நல்ல தண்ணீரும் தீர்ந்துவிட்டிருந்தது. முந்தின இரவு பிரவ் குளித்திருந்தான், பத்துப் பேருக்கு ஆகும் தண்ணீரில்.

சாவி வண்டியிலேயே இருந்தது. "கெட்டியா எதையாவது பிடிச்சுக்கோ" என்று கத்திவிட்டுக் கிளப்பினேன். அதுவரை நான் அந்த வண்டியை ஓட்டியதில்லை. முகாமை விட்டு வெளியேறும்போது ஏரிக்கரையில் இரண்டு உருவங்கள் கையை ஆட்டின. சூரியன் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. நல்ல வெளிச்சம், படத்துக்கு அருமையாக இருந்திருக்கும்.

மலையடிவாரத்தில் என் திட்டத்தில் மாற்று இடம் ஒன்று இருந்தது. போய்ச் சேர்ந்தால் குழிவாயில் கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்திருந்தார்கள். பழுது. எனக்கு இரண்டாவது மாற்றும் இருந்தது. இருக்கும். இன்னும் கொஞ்சம் கிழக்கே, ஒரு சிற்றூர், ஒரு பூங்கா, நாலு ஊஞ்சல், பக்கத்திலேயே அந்த ஊர் முனிசிபாலிட்டி இலவசமாக நடத்தும் டம்ப் ஸ்டேஷன். போன் போட்டுக் கேட்டபோது எடுத்த அம்மாள், "வாங்க, எங்களுடையது நன்றாக இருக்கும்" என்று ஏதோ ஓட்டல் நடத்துபவள்போலச் சொல்லியிருந்தாள்.

நன்றாகத்தான் இருந்தது. சிமெண்டுத் தளம், நடுவில் மூடியோடு குழி, கழுவ ஒரு குழாய், குடிக்கும் தண்ணீருக்குத் தள்ளி இன்னொரு குழாய். முகப்பில் ஊர் முனிசிபாலிட்டியின் பெயர்ப்பலகை. ஒரு சக்கரம் திட்டின்மேல் ஏறியது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கையுறை தேட நேரமில்லை. குழாயை மாட்டி வால்வை இழுத்தேன். மாட்டின அவசரத்தில் மூட்டுச் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, என் முழங்கை வரை தெறித்தது. நான்கு பேருடைய ஒன்றரை நாள் கதையும் என் சட்டையில் இருந்தது. தொட்டி காலியானது. பாத்திரம் கழுவின தண்ணீர்த் தொட்டியையும் திறந்தேன். குடிநீர்க் குழாயில் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் நிரப்பினேன். உள்ளே மோட்டாரைப் போட்டேன்.

"தண்ணி வருது" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். "தொட்டியும் காலி. எவ்வளவு வேணும்னாலும் ஊத்து."

உள்ளே தண்ணீர் ஓடியது. நிறைய நேரம் ஓடியது. நான் படியில் உட்கார்ந்து ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேணுகாவைப் போய்க் கூட்டிவர வேண்டுமா, அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாள் நகர்ந்த சத்தம் கேட்டது.

"முனிசிபாலிட்டி" என்றாள்.

நான் திரும்பவில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று உடனே தோன்றவில்லை.

"முனிசிபாலிட்டி, இங்க கொஞ்சம் வாங்க. ஒத்தக் கையால முடியல."

கதவு பாதி திறந்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். சேலையைச் சுருட்டி ஒரு கையில் பிடித்திருந்தாள். வயிற்றில் அந்த இடம் வெறுமையாக, சிவப்பாக, ஒரு ரூபாய்க் காசு அளவில் இருந்தது. இரண்டு வருடத்தில் நான் அதைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

"இந்தத் துணியால ஈரமில்லாம ஒத்தணும். தேய்க்கக் கூடாது. அப்புறம் பை மாட்டுற இந்த வில்லைய நான் வைக்கும்போது சுத்தி அமுக்கிப் பிடிக்கணும். சூடு பட்டாத்தான் ஒட்டும்." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மூக்க வேணா மூடிக்கிடுங்க."

"எதுக்கு?" என்றேன். "வெளிய இப்பத்தான் நாலு பேரோடதயும் மேல ஊத்திக்கிட்டு வந்திருக்கேன். அதுல உன்னோடது எதுன்னே தெரியல."

அவள் என் சட்டையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வில்லை நகர்ந்துவிடும், சிரிக்காதே என்றேன். அதற்கும் சிரித்தாள். தம்பி சொல்லுக்குச் சிரிப்பதுபோல இல்லை, வயிறு குலுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு. நான் உள்ளங்கையால் சுற்றி அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒட்டிவிட்டது என்று அவள் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம்.

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்" என்றேன்.

"தெரியும், தெரியும்" என்றாள். "புளிசாதம் இருக்கா?"

இருந்தது. முந்தின நாள் மூடி வைத்தது. படியில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்தாள். டென்வர் விமானத்தைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஒரு கதவு திறந்தது, அவ்வளவுதான்.

ஏரிக்குத் திரும்பியபோது பிரவ் நடுச்சாலையில் நின்றிருந்தான். பயம் வந்தால் அவனுக்கு அமெரிக்கா உதிர்ந்து திருநெல்வேலி வந்துவிடுகிறது. "ஏன் அத்தான், எங்கள கரடிக்கு விட்டுட்டுப் போயிட்டீயளா? போனும் கிடைக்கல, ஒண்ணும் கிடைக்கல. நாங்க என்னன்னு நெனைக்க?"

காந்திமதி ஜன்னலைத் திறந்தாள். "ஏலே பிறவி, முனிசிபாலிட்டி டூட்டிக்குப் போயிருந்தாரு. ஏறு."

ஜூன் 25, புதன்

யெல்லோஸ்டோன். பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பீறிட்டு வருகிறது. அழுத்தம், வெளியேற வழி இரண்டும் சரியாக இருந்தால் எதுவும் வரும். கூட்டம் கைதட்டியது. காந்திமதி மரப் பாலத்தில் கடைசி வரை நடந்தாள். கழிப்பறை வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "வண்டிக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். போய்விட்டு வந்தோம்.

ஜூன் 28, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது திட்டில் ஏறின கீறலுக்கு பிரவ் என்னைக் காட்டினான். இருக்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

பிரவ் புது வீடியோ போட்டிருக்கிறான். தலைப்பு: 'யாருக்கும் தெரியாத இலவச டம்ப் ஸ்டேஷன் – நான் கண்டுபிடித்த ரகசியம்.' அந்த ஊரில் அவன் கால் வைக்கவே இல்லை. பூங்காவின் படம் என் போனில் இருந்து எடுத்தது. கீழே எல்லோரும் அவனை வாழ்த்தியிருக்கிறார்கள். 'அண்ணா, தொட்டி எத்தனை நாள் தாங்கும்?' என்று ஒருவர் கேட்க, 'ஐந்து நாள், ப்ரோ' என்று பதில் போட்டிருக்கிறான். ஐந்து நாள்! இதை நம்பி எத்தனை வீட்டார் கிளம்புவார்கள். எத்தனை வண்டியில் யாரைப் பார்த்து, 'நீ கொஞ்சம் பாத்து ஊத்தக் கூடாதா' என்பார்கள்.

வீட்டு வண்டிப் பயணத்துக்கென்று நம் ஆட்கள் நடத்தும் முகநூல் குழுவில் இந்தக் குறிப்புகளைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். பயணம் போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்களுக்குக் கையேடு பொய். தினம் ஒரு இடத்தில் நிறுத்துங்கள். மாற்றுக்கு மாற்று வைத்திருங்கள். சூரியன் நாளைக்கும் அஸ்தமிக்கும்.

காந்திமதியிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"என் தம்பிய இப்படிப் பிழிஞ்சிருக்கீய" என்றாள்.

"உன்னைப் பத்தியும் இருக்கு. அதை எடுத்துடவா?"

"எதுக்கு எடுக்கணும்? இந்த மாதிரி ஒரு பையோட எத்தனை பேரு கதவ சாத்திக்கிட்டு உள்ள இருக்காளோ. வண்டில போகலாம்னு அவளுக்கும் தெரியட்டும்." கண்ணாடியைக் கழற்றினாள். "பேரு மட்டும் வேண்டாம். எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்."

அந்தக் குழுவில் பெயர் மறைத்துப் போட வழி இருக்கிறது. எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டேன். பிரவ் மட்டும் அப்படியே இருக்கிறது. அது ஒரு பெயரே இல்லை என்பதால் மாற்ற எதுவும் கிடைக்கவில்லை.

அடியில் 'முனிசிபாலிட்டி' என்று கையெழுத்துப் போடலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதைப் பார்த்தால் நாளைக்கு முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அது ஒருத்தி கூப்பிடுவதற்காக இருக்கிறது.

அதனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போடுகிறேன்.